அன்னைக்கு அளித்த வாக்கு

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கப்பலில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் பயணம் செய்தார். பாரிஸ்டர் பட்டம் பெறுவதற்காகச் சென்ற அவருடைய பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பிற்காலத்தில் உலகம் மகாத்மா என்று போற்றிய அவரிடம் அன்று சிறந்த புலமை இல்லை, நாவன்மை இல்லை, நான்கு பேர் நடுவே தயக்கமின்றிப் பேசும் துணிவும் இல்லை. தாயின் முன்னிலையில் செய்து கொடுத்த ஓர் உறுதிமொழி மட்டுமே அவருக்குத் துணையாக இருந்தது. அந்நிய மாநகரில் கழிந்த தொடக்க நாட்களில் அந்த உறுதிமொழி எவ்வாறு சோதிக்கப்பட்டது, சோதனையில் அது எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிவது நமக்குப் பெரிதும் பயன் தரும்.

உறுதிமொழியும் விலக்கமும்

மோகன்தாஸின் தந்தை கரம்சந்த் காந்தி 1885-இல் காலமானார். 1887-இல் மெட்ரிகுலேஷன் தேறிய மோகன்தாஸ், பவநகரிலுள்ள சாமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் பாடங்களைப் பின்பற்ற இயலாமல் ஒரு பருவத்திலேயே வீடு திரும்பினார். இங்கிலாந்து சென்று சட்டம் பயிலுமாறு குடும்ப நண்பரான மாவ்ஜி தவே யோசனை கூறினார். மகன் அதற்கு உடனே இசைந்தார். அன்னை புத்லிபாயின் உள்ளமோ கலங்கியது.

புத்லிபாய் ஆழ்ந்த பக்தி உடையவர். விரதங்களைக் கடுமையாக அனுசரிப்பவர். சீமைக்குச் செல்லும் இளைஞர்கள் புலால் உண்கிறார்கள், மது அருந்துகிறார்கள், ஒழுக்கம் தவறுகிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அப்போது குடும்பத்தின் நன்மதிப்பைப் பெற்ற ஜைனத் துறவியான பேசர்ஜி சுவாமி ஒரு வழி காட்டினார். மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று அவர் முன்னிலையில் மோகன்தாஸ் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அதன் பின்னரே அன்னை அனுமதி அளித்தார்.

பம்பாயில் மற்றொரு தடை காத்திருந்தது. கடல் கடப்பது சமயத்துக்கு விரோதம் என்று கருதிய அவரது மோத் வணிகச் சமூகத்தார் கூடி, பயணத்தைக் கைவிடுமாறு கட்டளையிட்டனர். மோகன்தாஸ் பணிவுடன் மறுத்தார். சமூகத் தலைவர் அவரைச் சாதியிலிருந்து விலக்கி வைத்தார். அவருக்கு உதவுவோரும் வழியனுப்பச் செல்வோரும் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் செலுத்த வேண்டும் என்றும் அறிவித்தார். மனைவி கஸ்தூர்பாயையும் சில மாதக் குழந்தையான ஹரிலாலையும் ஊரில் விட்டுவிட்டு, சாதியின் ஆதரவையும் இழந்த நிலையில் அவர் கப்பலேறினார்.

கப்பலில் ஜூனாகத் வழக்கறிஞரான திரியம்பக்ராய் மஜும்தார் அவருக்கு அறைத் துணைவராக வாய்த்தார். ஆங்கிலத்தில் பேசக் கூசிய மோகன்தாஸ், எந்த உணவில் புலால் கலக்கவில்லை என்று பணியாளரிடம் கேட்கவும் துணியவில்லை. முள்கரண்டியையும் கத்தியையும் கையாளவும் தெரியவில்லை. ஆகவே ஊரிலிருந்து கொண்டு வந்த இனிப்புகளையும் பழங்களையும் தமது அறையிலேயே உண்டு காலம் கழித்தார். பிஸ்கே விரிகுடாவைக் கடந்தால் குளிருக்குப் புலாலின்றி உயிர் வாழ முடியாது என்று சக பயணியான ஆங்கிலேயர் ஒருவர் அன்போடு எச்சரித்தார். அப்படியானால் இந்தியாவுக்கே திரும்பிவிடுவது மேல் என்பதே அந்த இளைஞரின் விடையாக இருந்தது. விரிகுடாவும் கடந்தது, புலாலின் தேவை எழவில்லை.

கண்ணீரில் கழிந்த இரவுகள்

செப்டம்பர் இறுதியில், ஒரு சனிக்கிழமையன்று கப்பல் கரை சேர்ந்தது. கரையிறங்கும் நாளுக்கென்று மோகன்தாஸ் பாதுகாத்து வைத்திருந்தது வெள்ளை ஃபிளானல் உடை. இலையுதிர் காலத்து இங்கிலாந்தில் அவ்வுடை அணிந்திருந்தவர் அவர் ஒருவரே. பெட்டிகள் எல்லாம் முகவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. மறுநாள் ஞாயிறு விடுமுறை ஆதலால் மாற்றுடைக்கும் வழியில்லை. பிறர் பார்வை தம்மீது விழும்போதெல்லாம் அவர் நாணத்தால் குன்றினார்.

லண்டனில் விக்டோரியா ஹோட்டலில் அவர்கள் தங்கினர். அன்று மாலையே டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா அவரைக் காண வந்தார். பேச்சின் நடுவே மோகன்தாஸ், டாக்டரின் உயர்ந்த பட்டுத் தொப்பியை ஆவலுடன் எடுத்து, அதன் மென்மயிரை எதிர்த்திசையில் தடவிவிட்டார். டாக்டர் முகம் சுளித்தார். பிறர் பொருளைத் தொடக் கூடாது, முதல் சந்திப்பிலேயே கேள்விகள் கேட்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது என்று ஐரோப்பிய நாகரிகத்தின் முதல் பாடங்களை அன்றே அவருக்குக் கற்பித்தார்.

ஹோட்டலில் செலவு மிகுதி. ஓர் உணவு பிடிக்கவில்லை என்று வேறொன்றைக் கேட்டால் இரண்டுக்கும் விலை தர வேண்டியிருந்தது. இவ்வளவு செலவழித்தும் பசி தீரவில்லை. விரைவில் வாடகை அறைக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் பசியைவிடத் தனிமையே அவரை வாட்டியது. வீட்டின் நினைவும் அன்னையின் அன்பும் இரவு நேரங்களில் கண்ணீராகப் பெருகின. மக்கள், வீடுகள், பழக்கவழக்கங்கள் எல்லாமே புதியவை. எதைச் செய்தால் தவறாகுமோ என்ற அச்சம் ஒருபுறம். உறுதிமொழியால் வந்த உணவுத் துன்பம் மறுபுறம். இங்கிலாந்தில் இருக்கவும் மனமில்லை. திரும்பிச் செல்லவும் வழியில்லை. வந்துவிட்டோம், மூன்று ஆண்டுகளை முடித்தே ஆக வேண்டும் என்று அவர் தமக்குத் தாமே கூறிக்கொண்டார்.

தர்க்கத்துக்குப் பணியாத நெஞ்சம்

ஆங்கிலேய வாழ்க்கை முறையைப் பழகிக்கொள்வதற்காக, ரிச்மண்டில் ஒரு நண்பருடன் தங்குமாறு டாக்டர் மேத்தா ஏற்பாடு செய்தார். அந்நண்பர் தம்பியைப் போல அவரைப் பேணினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி ஓரளவு வயிற்றை நிரப்பியது. மதியமும் இரவும் கீரை, ரொட்டி, பழப்பாகு ஆகியவையே கிடைத்தன. இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகளுக்கு மேல் கேட்க அவருக்கு நாணம். வளரும் வயதின் பசியோ பெரிது.

நண்பரால் இதைப் பொறுக்க முடியவில்லை. எழுத்தறிவற்ற தாயின் முன், இந்நாட்டு நிலைமையை அறியாமல் எடுத்த வாக்குறுதிக்கு என்ன மதிப்பு என்று அவர் நாள்தோறும் வாதாடினார். ஒருநாள் பெந்தாமின் பயன்வாத நூலையே படித்துக் காட்டி விளக்கத் தொடங்கினார். ஒரு செயலின் நன்மை தீமையை அதனால் விளையும் இன்ப துன்பங்களைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது அக்கொள்கை. அந்த அளவுகோலின்படி பார்த்தால், பசியை மட்டுமே தரும் விரதம் பொருளற்றதாகிவிடும்.

மோகன்தாஸுக்கு அந்நூலின் நடையே விளங்கவில்லை. தாம் வாதத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டார். புலால் உண்பதன் அவசியத்தையும் மறுக்கவில்லை. ஆனால் வாக்கை மீற முடியாது என்று மட்டும் கூறி மன்னிப்பு வேண்டினார். நண்பர் வியப்புடன் நூலை மூடினார். அதன் பின் அவர் அதைப் பற்றி வாதிடவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. புலால் உண்பதை அன்றைய மோகன்தாஸ் கொள்கை அளவில் வெறுத்தவர் அல்லர். சிறுவயதில், ஆங்கிலேயரைப் போல் வலிமை பெறலாம் என்று நம்பி, ஒரு தோழனுடன் மறைவாகப் புலால் உண்டவர் அவர். பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்ததாலேயே அதைக் கைவிட்டார். இந்தியர் அனைவரும் ஒருநாள் வெளிப்படையாகப் புலால் உண்ண வேண்டும் என்றும் விரும்பினார். ஆகவே லண்டனில் அவரைக் காத்தது உணவு பற்றிய கொள்கை அன்று. சத்தியத்தின் மீதிருந்த பற்று. சூழ்நிலை மாறுந்தோறும் மறுபரிசீலனைக்கு உட்படுமானால் அது விரதம் ஆகாது. தளரும் தருணத்தில் தாங்குவதற்கென்றே விரதம் எடுக்கப்படுகிறது.

பாரிங்டன் தெருவில் கிடைத்த ஒளி

1888 நவம்பர் 6-ஆம் நாள் அவர் இன்னர் டெம்பிள் என்னும் சட்டப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தார். இதனிடையே மேற்குக் கென்சிங்டனில், இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய ஒரு விதவையின் இல்லத்தில் குடியேறினார். வீட்டுப் பெண்கள் இருவரும் அன்புடன் கூடுதலாக ஓரிரு ரொட்டித் துண்டுகள் அளித்தனர். அப்போதும் பசி அடங்கவில்லை. நகரில் சைவ உணவகங்கள் உண்டு என்று கேள்விப்பட்டு, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து அவற்றைத் தேடினார்.

ஒருநாள் பாரிங்டன் தெருவில் அத்தகைய உணவகம் ஒன்று கண்ணில் பட்டது. தொலைந்த பொருளைக் கண்டெடுத்த குழந்தையின் மகிழ்ச்சி அவருக்கு உண்டாயிற்று. வாயிலருகே விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்ட முதல் உணவு அதுவே.

அந்நூலை முழுவதும் படித்தபின், அதுவரை தாய்க்காகக் கடைப்பிடித்ததை இனித் தம் சொந்த நம்பிக்கையால் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தார். கட்டுப்பாடு கொள்கையாக மலர்ந்தது. பின்னர் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் அவர் இடம் பெற்றார். பொதுப்பணியில் அவர் பெற்ற முதல் பயிற்சி அச்சங்கத்திலேயே கிடைத்தது.

எனினும் வளர்ச்சி நேர்கோட்டில் செல்லவில்லை. சைவ உணவு உண்பவர் நாகரிகத்தில் பின்தங்கியவர் அல்லர் என்று காட்டுவதற்காக அவர் ஆங்கிலேயக் கனவானைப் போல் மாற முயன்றார். பாண்ட் தெருவில் பத்துப் பவுன் செலவில் மாலை உடை தைத்தார். நடனம், வயலின், சொற்பொழிவுக் கலை ஆகியவற்றுக்கு ஆசிரியர்களை அமர்த்தினார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் மயக்கம் தெளிந்தது. தாம் மாணவர், வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்தில் கழிக்க வந்தவர் அல்லர் என்பதை உணர்ந்தார். பாடங்களை நிறுத்தினார். சகோதரர் வருந்தி அனுப்பும் பணம் என்பதை நினைந்து, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். ஒரே அறையில் தங்கித் தாமே சமைத்து, உணவுச் செலவை நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸாகக் குறைத்தார்.

சொல்லும் பொருளும்

உணவுச் சோதனைகளின்போது மிக நுண்ணிய சோதனை ஒன்று வந்தது. புலால் என்பது பறவை, விலங்குகளின் தசையை மட்டுமே குறிக்கும் என்று சிலர் பொருள் கூறினர். அதன்படி முட்டை விலக்கப்பட்டதன்று. அந்த விளக்கத்தை ஏற்றுச் சில காலம் அவர் முட்டை உண்டார். பிறகு அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. வாக்குறுதி கொடுத்தபோது அன்னை அச்சொல்லுக்கு என்ன பொருள் கொண்டாரோ, அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் பொருள். அன்னையின் கருத்தில் முட்டையும் புலாலே. உடனே அதை விட்டார். வாக்கின் பொருளைப் பெற்றவரே தீர்மானிக்க வேண்டும், கொடுத்தவர் தம் வசதிக்கு ஏற்ப வளைக்கலாகாது என்னும் இந்த நெறியைப் பிற்கால ஒப்பந்தங்கள், உடன்படிக்கைகள் அனைத்திலும் அவர் போற்றினார். பசியை வெல்வது எளிது. தன் அறிவே புனைந்து தரும் சாக்குகளை வெல்வது அரிது.

மதுவைப் பற்றிய உறுதியும் அவ்வாறே நிலைத்தது. இன்னர் டெம்பிள் விருந்துகளில் நால்வருக்கு இரண்டு புட்டி மது வழங்குவது மரபு. மோகன்தாஸ் அருந்தமாட்டார் ஆதலால், அவரைத் தம் மேசைக்கு அழைப்பதில் பிறர் போட்டியிட்டனராம்!

1891 ஜூன் 10-ஆம் நாள் அவர் பாரிஸ்டர் ஆனார். 11-இல் உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார். 12-இல் தாயகம் புறப்பட்டார். அன்னையைக் காணும் ஆவலுடன் பம்பாயில் இறங்கியவருக்கு, அவர் முன்னரே காலமாகிவிட்ட செய்தியைச் சகோதரர் தெரிவித்தார். அந்நிய மண்ணில் தனித்துத் துயருற வேண்டாம் என்று அதுவரை மறைத்து வைத்திருந்தனர். மூன்று வாக்குகளையும் காத்து வந்தேன் என்று சொல்வதற்கு அன்னை இல்லை. தந்தையின் மறைவைவிட அதிகமாக வாட்டிய அத்துயரை அவர் வெளியே காட்டாமல் அடக்கிக்கொண்டார்.

கேட்பதற்கு ஒருவரும் இல்லாதபோதும் காக்கப்படும் வாக்கே சத்தியம். இன்று கல்விக்காகக் கடல் கடக்கும் நம் இளைஞர்கள் பலர். புதிய நாட்டின் நல்லவற்றைக் கற்பதும், வேண்டாதவற்றைத் தவிர்ப்பதும் அவர்கள் கடமை. இரண்டையும் பிரித்தறியும் தெளிவு தொடக்க நாட்களில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அத்தெளிவு பிறக்கும் வரை நிலைகுலையாமல் நிற்க, மனமறிந்து ஏற்ற ஒரு நல்ல சங்கல்பமே துணை. சிறிதாயினும் உறுதியான ஒரு சங்கல்பத்தைப் பற்றி நின்றால், அது நம்மைத் தாங்குவதோடு நம்மை வளர்க்கவும் செய்யும்.