எட்கர் கேசி சரித்திரம்

உயிர் என்றுமுள்ளது, அது தான் செய்த இருவினைக்கு ஈடாகப் பிறந்தும் இறந்தும் உழன்று, பக்குவமெய்திய காலத்திலே திருவருளால் வீடுபேறடையும். இஃது எமது சைவசித்தாந்தத்தின் துணிபு. இதனை மாணாக்கர்க்குப் போதிக்கும்போது நம்மாசிரியர்களுட் சிலர், அமெரிக்கராகிய எட்கர் கேசி என்பவரை எடுத்துக்காட்டி, கிறிஸ்தவராகிய மேனாட்டாரொருவரே நித்திரையிலிருந்து மறுபிறப்புண்மையைச் சொல்லிவிட்டார், இனி ஐயமில்லை என்று முடித்துவிடுதலை யாம் கேட்டிருக்கின்றோம். அவர் பெயரைச் சொல்வோர் பலர். அவர் சரித்திரத்தை அறிந்தோர் சிலர். ஆதலின் அதனைச் சுருக்கி ஈண்டு எழுதுகின்றோம். அவரைச் சாட்சியாகக் கொள்ளலாமா என்பதை இறுதியில் ஆராய்வோம்.

கேசி 1877ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18ந் திகதி, ஐக்கிய அமெரிக்காவிலே, கென்றக்கி மாகாணத்து ஹொப்கின்ஸ்வில் என்னும் ஊரின் அயலிலே, கமக்காரர் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிலே விவிலிய நூலில் மிக்க பற்றுடையராயினார். ஆண்டுக்கொருமுறையாவது அந்நூலை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தலை ஒரு விரதமாகவே கொண்டார். பதின்மூன்று வயதளவில், தனித்திருந்து அதனை வாசிக்கையில், ஒளி பொருந்திய பெண்ணுருவொன்று தோன்றி வேண்டுவது யாதென வினாவிற்றென்றும், பிறர்க்கு, விசேடமாக நோயுற்ற குழந்தைகளுக்கு, உதவுதலே வேண்டுமெனத் தாம் விடைகூறினாரென்றும் பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார். அக்காட்சியின் உண்மை யாதாயினுமாகுக. அவ்விருப்பம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

உயர்ந்த கல்வி கற்க அவருக்கு வாய்க்கவில்லை. பாடசாலையை இடையிலே விட்டுக் கமத்திலும், பின்பு புத்தகசாலையொன்றிலும் வேலைசெய்தார். 1900ஆம் ஆண்டில், காப்புறுதிப் பத்திரம் விற்றுத் திரிந்த காலத்தில், அவர் குரல் கம்மி, காதோடு பேசுமளவாகக் குன்றிற்று. வைத்தியர்களால் அதனை மாற்ற முடியவில்லை. உரத்துப் பேச வேண்டாத தொழிலென்று படம்பிடிக்குந் தொழிலைப் பயின்றார். 1901ஆம் ஆண்டில், மனோவசிய வித்தையிற் பழக்கமுடைய லேன் என்பவர் அவரைத் துயிலச்செய்து, அவர் நோயின் காரணத்தை அவரிடமே வினாவினார். துயிலிலிருந்த கேசி, கழுத்தின் உட்டசைகள் இறுகியமையால் இக்குறை வந்ததென்றும், அவ்விடத்திற் குருதி மிக்குப் பாயுமாறு ஏவினால் நீங்குமென்றும் கூறினார். அவ்வாறே ஏவப்பட்டது, கழுத்துச் சிவந்தது, விழித்தெழுந்தபோது குரல் தெளிந்திருந்ததென்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர்.

அன்று தொடங்கியது நாற்பதாண்டுக்கு மேல் நடந்தது. கழுத்துப்பட்டியையும் சப்பாத்துக் கயிற்றையும் தளர்த்திவிட்டு மல்லாந்து படுப்பார். சிறிது நேரத்திற் கண்ணிமை துடிக்கும். அருகிலுள்ளார் நோயாளரின் பெயரையும் அவர் இருக்குமிடத்தையும் சொல்வர். நோயாளர் நூற்றுக்கணக்கான மைல்களுக்கப்பால் இருக்கலாம். கேசி அவருடலை நேரே பார்ப்பவர்போல நோயையும் மருந்தையும் சொல்வார். விழித்தபின் தாம் சொன்னவற்றுள் ஒரு சொல்லையும் அறியார். ஆமணக்கெண்ணெய் ஒற்றடம், முள்ளந்தண்டைத் தடவிச் சீர்செய்தல், உணவு நியமம், மூலிகைக் கஷாயம் என்பனவே அவர் பெரிதும் விதித்தவை. கெச்சம் என்னும் வைத்தியர் இவரைப்பற்றி வைத்தியர் சபைக்கு அறிவிக்க, 1910ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே நியூயோர்க் நகரப் பெரிய பத்திரிகையொன்று படியாத ஒருவர் துயிலில் வைத்தியராகின்றார் என்னுங் கருத்துப்பட எழுதிற்று. அதுமுதல் அவர் பெயர் நாடெங்கும் பரந்தது.

பெயர் பரந்தவுடனே துன்பமும் வந்தது. 1911ஆம் ஆண்டிற் பிறந்த இரண்டாம் மகவு சில வாரங்களுள் இறந்தது. பிறர் குழந்தைகளுக்குக் கண்மூடி மருந்து சொன்ன தந்தை, தம் குழந்தைக்காக அதனைக் காலத்திற் செய்யாதொழிந்தார். தம் வாக்கிலே அவர்தாமும் முழு நம்பிக்கை வைத்திலர் என்பது இதனாற் பெறப்படும். அவ்வாண்டிலேயே மனைவியார் கேர்ற்றூட் அம்மையார் க்ஷயரோகத்தால் வருந்தியபோது வாக்குக் கேட்கப்பட்டது, அம்மையார் பிழைத்தார். இவ்விரு நிகழ்ச்சியும் அவர் உள்ளத்தைப் பெரிதும் உருக்கியிருத்தல் வேண்டும்.

பின்பு அலபாமா மாகாணத்துச் செல்மா நகரிற் படக்கடை வைத்து, ஞாயிற்றுப் பாடசாலையிற் கிறிஸ்து சமயம் போதித்துக்கொண்டு வாழ்ந்தார். நோயாளர்க்கு ஒரு வைத்தியசாலை கட்டவேண்டுமென்ற ஆசையாற் பொருளீட்டப் புகுந்து, 1920ஆம் ஆண்டையடுத்துத் ரெக்சாஸ் மாகாணத்தில் நிலவெண்ணெய்க் கிணறு தேடினார். துயில்வாக்கே வழிகாட்டிற்று, எண்ணெய் கிடைத்திலது.

1923ஆம் ஆண்டே அவர் வாழ்வின் திருப்பம். அவ்வாண்டிலே கிளாடிஸ் டேவிஸ் என்னும் பெண்மணி சுருக்கெழுத்தாளராக வந்து, வாக்குகளை ஒழுங்காக எழுதிப் பேணத் தொடங்கினார். அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில், ஒகையோ மாகாணத்து டெய்ற்றன் நகரிலே, அச்சுத்தொழில் செய்த லாமேர்ஸ் என்பவர், நோயைவிட்டு உயிரைப்பற்றியும் பிறப்பைப்பற்றியும் வினாவினார். துயிலிலிருந்தவர் வினாவியவருடைய முற்பிறப்பைச் சொன்னார். விழித்தபின் அதனைக் கேட்டறிந்து கேசி கலங்கினார். யாமும் இளமையிலே மிஷன் பாடசாலையில் விவிலிய நூலை வரிவரியாக ஒப்பித்தவர்களாதலின் அக்கலக்கத்தை அறிவோம். ஒரே பிறப்பு, அதன்பின் தீர்ப்பு என்று ஞாயிறுதோறும் போதித்தவர் வாயிலிருந்து மறுபிறப்புப் பிறந்தது. அவர் அந்நூலை மீட்டும் ஆராய்ந்து, இரண்டுக்கும் முரணில்லையெனத் தம்மளவில் அமைதிகொண்டார். தம் சமயத்தை விட்டாரல்லர்.

1925ஆம் ஆண்டிலே கீழ்க்கரையிலுள்ள வேர்ஜினியா பீச் என்னும் ஊரிற் குடியேறினார். பங்குவணிகராகிய புளூமென்தால் சகோதரர் பொருளுதவ, 1928ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் நெடுநாள் விரும்பிய வைத்தியசாலை திறக்கப்பட்டது; 1930ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமும் தொடங்கிற்று. 1929ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை வீழ்ச்சியை அவர் வாக்கு முன்னரே காட்டிற்றென அன்பர் கூறுவர். ஆயினும் அவ்வீழ்ச்சியின் பின்னர் உதவியோர் கைவிட, வைத்தியசாலையும் பல்கலைக்கழகமும் 1931ஆம் ஆண்டிலே மூடப்பட்டன. அவ்வாண்டிலேயே நியூயோர்க்கிற் கட்டுச் சொல்லிப் பணம்பெற்றாரென்று அவர்மேல் வழக்கும் வந்தது; நீதிபதி அதனைத் தள்ளிவிட்டார். ஆராய்ச்சிக்கென அவ்வாண்டில் அமைத்த சங்கமொன்றே எஞ்சியது. பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளைத் தவறியவற்றையும் மறையாது அச்சங்கம் காத்துவைத்தமை பாராட்டத்தக்கது.

இனி, வருங்காலங்கூறிய வாக்குகளை நோக்குவோம். 1932ஆம் ஆண்டிலே ஆகாயவீரர் லிண்ட்பேர்க்கின் குழந்தை களவாடப்பட்டபோது கேசியிடம் வாக்குக் கேட்கப்பட்டது. அவர் காட்டிய வழியாற் பயன் விளையவில்லை. 1934ஆம் ஆண்டில், 1958 தொடங்கி 1998 ஈறாகவுள்ள காலத்திற் பூமி பெரிதும் மாறுமென்றும், யப்பானின் பெரும்பகுதி கடலுள் ஆழுமென்றும், அமெரிக்காவின் மேற்பகுதி பிளவுபடுமென்றும் கூறினார். 1998 கழிந்தது, யப்பான் இருக்கின்றது. 1940ஆம் ஆண்டில், கடல்கொண்டதென்று கதைகூறும் அத்திலாந்திசு நாட்டின் ஒரு பகுதி 1968, 1969ஆம் ஆண்டளவில் மேலெழுமென்றார். 1968ஆம் ஆண்டிலே பிமினித் தீவின் அருகே நீரடியிற் கல்வரிசையொன்று காணப்பட, அன்பர் மகிழ்ந்தனர். நிலநூலார் ஆராய்ந்து, அது கடற்கரையில் இயல்பாக இறுகிய பாறையென்றே துணிந்தனர். மருந்துவாக்குகளுள்ளும் பலித்தனவும் உள, தவறினவும் உள. நோயாளர் இறந்துவிட்டதையறியாது மருந்து சொன்ன சமயங்களும் அவர் சங்கத்துப் பதிவிலேயே காணப்படுகின்றன.

அவர் முடிவு உள்ளத்தை உருக்குவது. 1943ஆம் ஆண்டளவில் அவர் சரித்திர நூலொன்று பரவிற்று. அது பெரும்போர்க் காலம். போர்க்களஞ் சென்ற மைந்தரின் தாய்மாரும் நோயாளரும் எழுதிய கடிதங்கள் மூட்டைமூட்டையாக வந்து குவிந்தன. நாளொன்றுக்கு இரண்டு வாக்குக்குமேல் உடல் தாங்காதென அவருடைய துயில்வாக்கே எச்சரித்தது. தமக்கு வந்த அவ்வொரு வாக்கையும் அவர் மதித்திலர். ஒரு கடிதத்தையேனும் தள்ள மனமின்றி, அவ்வளவைக் கடந்து நாடோறும் உழைத்தார். 1944ஆம் ஆண்டில் உடல் ஒடுங்கி வீழ்ந்தார். 1945ஆம் ஆண்டு சனவரி 3ந் திகதி, தமது அறுபத்தேழாம் வயதில் இறந்தார். மூன்று மாதங்களுள் மனைவியாரும் அவரைத் தொடர்ந்தார்.

இனி எடுத்த வினாவுக்கு வருவோம். சாட்சியாவார் பிறர் சொல்லக் கேளாது தாமே கண்டவராதல் வேண்டும். டெய்ற்றனில் வினாவிய லாமேர்ஸ் பிரமஞானக் கொள்கைகளில் ஈடுபாடுடையவர். பிரமஞான சங்கம் 1875ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே தோன்றிப் பின்பு சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்டு, கன்மம் மறுபிறப்பு என்னும் இந்நாட்டுக் கொள்கைகளை மேனாட்டிற் பரப்பியது. வினாவினுள்ளேயே விடையின் வித்து இருந்திருத்தல் கூடும். நம்முடைய குரலே கடல்கடந்துபோய் எதிரொலித்து மீண்டால், அதனைப் புதிய சாட்சியென்று கொள்ளுதல் அறிவுடைமையாகாது.

அன்றியும், மக்களுயிர் விலங்காய்ப் பிறவாதென்பது அவர் வாக்கு. எழுவகைப் பிறப்பும் வினையால் வருமென்பது நம் சாத்திரத் துணிபு. விழித்தபின் தானறியாததொன்று கனவின்பாற்படுமேயன்றித் துரியமாகாது. அது சித்தியேயெனினும், சித்திகள் வீடுபேறாகாவென்பது ஆன்றோர் கண்டது. இவை நிற்க, வகுப்பிலே ஒரு மாணாக்கன் எழுந்து, யப்பான் ஆழுமென்று சொன்ன வாயையா, ஐயா, மறுபிறப்புக்குச் சாட்சியாகக் கொள்கின்றீர்கள் என்று வினாவினால் யாது விடை கூறுவோம்? அவ்வாறு வினாவுபவன் துடுக்கனல்லன், நன்கு கற்பிக்கப்பட்டவன். அன்று கேசியோடு சேர்ந்து நம் சமயமும் அவன் மனத்தில் இழிவடையும். அப்பழி போதித்த நம்மைச் சாரும்.

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகள் நமக்கு உள. ஒரு தாய்வயிற்றிற் பிறந்த இருவருள் ஒருவன் நோயோடும் மற்றவன் நலத்தோடும் பிறத்தலைக் காட்டுங்கள். அவ்வேறுபாட்டுக்குக் காரணம் முன்னை வினையெனக் கருதலளவையால் நிறுவுங்கள். சடமாகிய வினை தானே பயன்கூட்டாதாகலின் கூட்டுவானொருவன் வேண்டுமென்று சிவபெருமான்பாற் கொண்டுசெல்லுங்கள். இவ்வழி நம்முன்னோர் இட்டது. இதனை நடந்துகாட்ட உழைப்பு வேண்டும். பிறநாட்டார் பெயரைச் சொல்லிவிடுதல் எளிது. எளிமைபற்றியே அதனை அஞ்சுதல் வேண்டும்.

ஆயின் கேசியிடத்து நாம் கொள்ளற்பாலது ஒன்றுமில்லையோவெனின், உண்டு. அவர் வாக்கைவிட அவர் வாழ்வு பெரிது. அயலார் குழந்தையின் நோயைத் தம் நோயாகக் கொண்டு, தம்முடல் தேய்வதையுங் கருதாது உழைத்தார். உயிர்களிடத்து வைத்த அவ்விரக்கம் எச்சமயத்தார்பாற் காணப்படினும் சிவபெருமானுக்கு உவப்பானதே. மாணாக்கர்க்கு அவர் சரித்திரத்தைச் சொல்லவிரும்பும் ஆசிரியர் அதனைச் சொல்வாராக. மறுபிறப்பை நம் நூல்களைக் கொண்டே போதிப்பாராக. திருவருள் முன்னிற்க.