கார்ல் பாலிங்

கார்ல் யோசப் நெப்போலியன் பாலிங் (ஏப்ரல் 21, 1805 - மார்ச் 17, 1868) பொகீமியாவில் பிறந்து பிராக் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் ஆவார். நொதித்துக்கொண்டிருக்கும் பியரில் சிறிதளவு மாதிரி எடுத்து, அதன் அடர்த்தியை அளந்து, உள்ளே நடப்பதைக் கணக்கிட்டு அறியும் முறையை வகுத்தவர் இவரே. சர்க்கரைக் கரைசலின் செறிவைக் குறிக்கும் பாலிங் பாகை இவர் பெயரால் வழங்குகிறது.

வாழ்க்கை

பாலிங் பொகீமியாவுக்கும் சாக்சனிக்கும் இடையிலுள்ள எர்ட்ஸ் மலைத்தொடரில், இரும்பு உலைகளைச் சுற்றி வளர்ந்த கேப்ரியலாகூட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி அன்று ஆத்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. இன்று செக் குடியரசில் உள்ளது. பிராக் தொழில்நுட்பக் கல்லூரியில் கல்வி கற்று, 1824இல் அங்கேயே வேதியியல் பேராசிரியர் ஸ்டைன்மன்னின் உதவியாளரானார். ஸ்டைன்மன் 1833இல் இறந்தபின், 1835இல் அவரது பேராசிரியர் பதவி பாலிங்குக்குக் கிடைத்தது. பிராக் நகரிலேயே காலமானார்.

முன்னிருந்த நிலை

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை (மால்ட்) வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதை ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால் நொதித்துப் பியராகிறது. சர்க்கரை கரைந்த சாறு நீரைவிட அடர்த்தி மிக்கது. ஈஸ்ட் அச்சர்க்கரையைச் சாராயமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்ற மாற்ற அடர்த்தி குறைகிறது. எனவே அதில் மிதக்கவிடப்படும் திரவமானி நாளுக்கு நாள் ஆழமாக அமிழ்கிறது. பாலில் நீர் கலந்திருப்பதைக் காட்டும் பால்மானியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் 1760களின் இறுதியிலேயே பியர் தயாரிப்பில் திரவமானியைப் பயன்படுத்தினார். தந்தைக்கு இத்தகைய புதுமைகள் பிடிக்காததால் அவர் அதை மறைவாகவே செய்யவேண்டியிருந்தது. 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் சர்க்கரைமானி என்ற பெயரில் இக்கருவியைப் பரப்பினார். ஐரோப்பியப் பெருநிலத்தில் இது மெதுவாகவே பரவியது. மியூனிக்கைச் சேர்ந்த கேப்ரியல் செடில்மயரும் வியன்னாவைச் சேர்ந்த ஆன்டன் டிரேகரும் 1833இல் பிரித்தானிய ஆலைகளைச் சுற்றிப்பார்த்தபோது, உட்குழிவான கைத்தடியின் நுனியில் அடைப்பிதழ் பொருத்தி, நொதிக்கும் தொட்டிகளிலிருந்து யாரும் அறியாமல் மாதிரி எடுத்து, விடுதி அறையில் அளந்து பார்த்தனர். வெளிப்படையான திருட்டுதான் எனினும், அந்த எண்கள் அன்று எவ்வளவு மதிப்புடையனவாக இருந்தன என்பதற்கு இது சான்று. பொகீமியாவில் பாலிங்குக்கு முன்பே பிரான்டிசெக் பௌபே (1753 - 1805) வெப்பமானியையும் திரவமானியையும் பியர் தயாரிப்பில் புகுத்தியிருந்தார்.

பாலிங்கின் பணி

மாதிரி எடுத்தல் இவ்வாறு பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் மாதிரி காட்டும் எண்ணின் பொருள் என்ன என்பதில் தெளிவில்லை. பாலிங் முதலில் தூய கரும்புச் சர்க்கரையின் கரைசல்களைக் கொண்டு, 14 ரோமர் பாகை (17.5 செல்சியசு) வெப்பநிலையில், அடர்த்தியையும் எடைவழிச் சதவீதத்தையும் இணைக்கும் அட்டவணையை உருவாக்கினார். இதன்படி 12 பாகை காட்டும் சாற்றின் 100 கிராமில் 12 கிராம் கரைபொருள் உள்ளது. மால்ட்டுச் சாற்றில் இருப்பது கரும்புச் சர்க்கரை அன்று. இருப்பினும் நடைமுறைக்கு இந்த ஒப்பீடு போதுமானதாக அமைந்தது. இம்முறையில் பியரைச் சோதிப்பது பற்றிய அவரது நூல் 1843இல் வெளிவந்தது.

அவரது முதன்மையான பங்களிப்பு இந்த அட்டவணை அன்று. நொதித்தல் தொடங்கியதும் திரவமானி உண்மைக்கு மாறான எண்ணைக் காட்டத் தொடங்குகிறது. சாராயம் நீரைவிட இலேசானது; ஆகவே மாதிரியில் எஞ்சியுள்ள கரைபொருள் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். 12 பாகையில் தொடங்கிய சாறு 3 பாகைக்கு இறங்கினால், நான்கில் மூன்று பங்கு நொதித்துவிட்டது எனக் கருதத் தோன்றும். உண்மையில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ 4.6 சதவீதம், நொதித்தது ஐந்தில் மூன்று பங்கே. இதனைச் சரிபார்க்க, எடையிட்ட மாதிரியைக் கொதிக்கவைத்துச் சாராயத்தை நீக்கி, பழைய எடை வரும்வரை நீர் சேர்த்து மீண்டும் அளக்கவேண்டும். முதல் அளவைத் தோற்றக் குறைவு என்றும் இரண்டாவதை மெய்க் குறைவு என்றும் பிரித்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பாலிங் வகுத்தார்.

அடுத்து நொதித்தலுக்கு ஒரு வரவுசெலவுக் கணக்கும் எழுதினார். அதன்படி 2.0665 கிராம் கரைபொருளிலிருந்து 1 கிராம் சாராயமும் 0.9565 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.11 கிராம் ஈஸ்ட்டும் உண்டாகின்றன. ஈஸ்ட் உயிருள்ளது என்பதைக் குறித்தே வேதியியலாளர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. நொதித்தல் பற்றிய பாஸ்டரின் முதல் ஆய்வுரை 1857இல்தான் வந்தது. அதற்கு முன்பே பாலிங் ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. இக்கணக்கைக் கொண்டு, முடிந்துபோன பியரின் சாராயத்தையும் எஞ்சிய கரைபொருளையும் அளந்து, அதன் தொடக்கச் செறிவைப் பின்னோக்கிக் கணிக்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் சாராயம் எடைவழியாக 3.8 சதவீதம் ஆகும். அதிலிருந்து கணித்தால் மீண்டும் 12 கிடைக்கும். வலுவான சாற்றில் செய்ததாகச் சொல்லி நீர்த்த பியரை விற்பவரை இதனால் கண்டுபிடிக்க முடிந்தது. வரி விதிப்போருக்கும் தொடக்கச் செறிவு உறுதியான அடிப்படையாயிற்று.

நொதிக்கும் மாதிரியை அளக்கையில் இன்னொரு இடர் உண்டு. வாயுக் குமிழிகள் திரவமானியில் ஒட்டி அதை மேலே தூக்குவதால் அளவு கூடுதலாகக் காட்டும். எனவே மாதிரியை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பலமுறை ஆற்றி வாயுவை வெளியேற்றியபின், குறித்த வெப்பநிலையில் அளத்தல் வேண்டும். வீட்டில் பியர் தயாரிப்போரும் இதையே செய்கின்றனர்.

நூல்கள்

நொதித்தல் வேதியியல் பற்றிய இவரது நான்கு பகுதி நூல் 1845 - 1847 காலப்பகுதியில் செருமன் மொழியில் வெளியானது. பொகீமியாவின் இரும்பு உற்பத்தி குறித்தும் எழுதியுள்ளார்.

பிற்காலத்தில்

அடால்ஃப் பிரிக்சு பாலிங்கின் அட்டவணையைத் திருத்தினார். பழச்சாறு, சர்க்கரை ஆலைகளில் பிரிக்சு பாகை வழங்குகிறது. 1900ஆம் ஆண்டளவில் செருமனியில் பிரிட்சு பிளேட்டோவின் தலைமையில் அளவீடுகள் 20 பாகை செல்சியசில் மேலும் துல்லியமாக்கப்பட்டன. பியர் ஆலைகள் பெரும்பாலும் பயன்படுத்துவது பிளேட்டோ பாகையே. ஆயினும் மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியது. செக் குடியரசின் மதுக்கடைகளில் பியரைப் பத்து என்றும் பன்னிரண்டு என்றும் எண்ணால் கேட்டு வாங்கும் வழக்கம் உள்ளது. அவ்வெண்கள் சாராயத்தின் அளவு அல்ல. நொதிப்பதற்கு முன் சாற்றிலிருந்த கரைபொருளின் சதவீதமாகும்.