திருவாதிரை வெடிக்கும் நாளும் சந்திரசேகரின் கணக்கும்

மார்கழி இரவில் மங்கலம்பேட்டையில் மொட்டை மாடிக்குப் போய் கிழக்கே பார்த்தால், சிவப்பாக ஒரு நட்சத்திரம் தெரியும். திருவாதிரை. பக்கத்துச் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடப்பது இந்த நட்சத்திர நாளில்தான். சூரியனைப் போல பத்து மடங்குக்கும் மேல் எடை கொண்ட இது, ஒருநாள் வெடித்துச் சிதறும். ஏன் என்பதற்கான அடிப்படைக் கணக்கைப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தது 1910-இல், லாகூரில். சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். 1930-இல் கேம்பிரிட்ஜ் போகக் கப்பலேறியபோது வயது 19. பயணத்தில் சும்மா இருக்காமல், எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் என்னாகும் என்று கணக்குப் போட்டார்.

அப்படிப்பட்ட நட்சத்திரத்தை நசுங்காமல் தாங்கிப் பிடிப்பது எலெக்ட்ரான்களின் அழுத்தம். அதற்கும் எல்லை உண்டு. எல்லை எங்கே என்பதை முடிவு செய்வது, நட்சத்திரம் எதனால் ஆனது என்பதுதான். ஹீலியம், கார்பனில் இரண்டு அணுக்கருத் துகளுக்கு ஒரு எலெக்ட்ரான். எலெக்ட்ரான் பங்கு குறைந்தால் எல்லையும் குறையும், அதுவும் வர்க்க விகிதத்தில். நட்சத்திரங்களில் கனமான தனிமங்களே அதிகம் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. அதனால் 2.5 துகளுக்கு ஒரு எலெக்ட்ரான் என்று வைத்துக்கொண்டார். 1931-இல் கிடைத்த விடை 0.91 சூரிய எடை. பிறகு 2 என்று திருத்தியதும் வந்தது 1.44. இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது இந்த எண்தான்.

1935 ஜனவரியில் லண்டனில் இதை விளக்கினார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அந்தக் காலத்தின் பெரிய பெயர், மொத்தக் கணக்கையும் கேலி செய்தார். அவையில் சிரிப்பு. உண்மை தெரிந்த இயற்பியலாளர்கள் சிலர் தனியாக ஆதரித்தார்கள், வெளியே வாய் திறக்கவில்லை. அதுதான் அதிகம் வலித்திருக்கும். 1937-இல் அமெரிக்கா போன சந்திரசேகர், இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதிவிட்டு வேறு துறைக்கு மாறிவிட்டார். எடிங்டனுடன் நட்பை மட்டும் விடவில்லை.

நோபல் பரிசு வந்தது 1983-இல். 1995-இல் சிகாகோவில் காலமானார்.

திருவாதிரைக்கு வருவோம். அதன் மையத்தில் கடைசியாகச் சேரப்போவது இரும்பு. இரும்பில் 56 துகளுக்கு 26 எலெக்ட்ரான்தான். அதே கணக்குப்படி எல்லை சுமார் 1.24 ஆக இறங்கும். உள்ளே இருக்கும் வெப்பம் அதைக் கொஞ்சம் ஏற்றும். மையம் அதைத் தாண்டினால் ஒரு விநாடிக்குள் சரிந்துவிடும். இன்னும் ஒரு லட்சம் ஆண்டுக்குள் நடக்கலாம் என்கிறார்கள். நடந்தால் பகலிலும் தெரியும்.