தாமஸ் பெரோனெட் தாம்சனும் நுண்சுரக் கிட்டாரும்

முன்னுரை

பல சுரங்கள் ஒரே வேளையில் ஒலிக்கும் கூட்டொலியை மேலையிசையார் கார்டு என்பர். கிட்டாரின் மெட்டுகள் அசையாதவை. ஆதலால் அக்கருவியில் எழும் கார்டுகள் பெரும்பாலும் தூய இயைபிலிருந்து சற்றே விலகியே ஒலிக்கின்றன. இவ்விலகலைக் களைய 1829ஆம் ஆண்டிலேயே முயன்றவர் இங்கிலாந்தின் படைத்தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான தாமஸ் பெரோனெட் தாம்சன் (1783 - 1869). அவருடைய வாழ்வையும், அவர் வகுத்த நுண்சுரக் கிட்டாரின் அடிப்படையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இளமையும் பொதுவாழ்வும்

ஹல் நகரில் பிறந்த தாம்சன், கேம்பிரிட்ஜ் குயின்ஸ் கல்லூரியில் பயின்று, 1802இல் கணிதத் தேர்வில் ஏழாம் இடம் பெற்றார். பின்னர்க் கடற்படையிலும், 1806 முதல் தரைப்படையிலும் பணியாற்றினார். பியூனஸ் அயர்ஸ் நகரின்மீது 1807இல் நடந்த தாக்குதலில் சிறைப்பட்டு மீண்டார்.

1808இல் வில்பர்ஃபோர்ஸின் துணையால் சியரா லியோன் ஆளுநரானார். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அங்கே தொழிற்பயிற்சி என்னும் பெயரில் பிறரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பெயர் மாறினும் இது அடிமைமுறையே எனக் கண்ட தாம்சன் அதனை வெளிப்படையாக எதிர்த்தார். அவ்வெதிர்ப்பு அவரது பதவிக்கே முடிவு கட்டியது. 1810இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டார்.

1815இல் படைப்பணியின் பொருட்டு இந்தியா வந்தார். பாரசீக வளைகுடாப் படையெடுப்பில் அரபு மொழிபெயர்ப்பாளராக விளங்கினார். 1820இல் அங்கு ஏற்பட்ட உடன்படிக்கையில் அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் பிரிவு இடம்பெற்றதில் அவருக்குப் பங்குண்டு. அவ்வாண்டின் இறுதியில் ஓமானில் அவர் நடத்திய படை பெருந்தோல்வியுற்றது. படைத்துறை மன்றத்தின் கண்டனத்துக்கும் அவர் ஆளானார். தாயகம் திரும்பிய பின் எழுத்தே அவரது களமாயிற்று. தானியச் சட்டங்களை எதிர்த்து 1827இல் வெளியிட்ட சிறுநூல், எதிர்த்தரப்பின் பொய்வாதங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் விடை தரும் அமைப்புடையது.

கிட்டாரின் சிக்கல்

கிட்டாரின் ஆறு தந்திகளில் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையிலான ஐந்து இடைவெளிகளுள் நான்கு, ச - ம உறவுடையவை (4:3). எஞ்சிய ஒன்று ச - க உறவுடையது (5:4). இவை யாவும் தூயனவாகச் சுருதி சேர்க்கப்பட்டால், முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடைப்பட்ட விகிதம் 320:81 ஆகும். இரண்டு நிலைகளுக்குரிய 4:1 என்னும் விகிதத்துக்கு இது 81:80 அளவு குறைகிறது. மெட்டில் விரல் வைக்குமுன்பே, திறந்த தந்திகளிலேயே முரண்பாடு தோன்றிவிடுகிறது.

கார்டுகளில் இச்சிக்கல் மேலும் விரிகிறது. ச 360 அதிர்வுகள் எனின் ம 480, ப 540, த 600, நி 675 ஆகும். ப - நி - ரி என்னும் கூட்டொலி 4:5:6 என அமைய வேண்டுமாயின் ரி 405 ஆக வேண்டும். ரி - ம - த என்னும் கூட்டொலி 10:12:15 என அமைய வேண்டுமாயின் அதே ரி 400 ஆக வேண்டும். இரண்டுக்கும் ஒரே மெட்டு பொருந்தாது. நிலையைப் பன்னிரண்டு சமபாகங்களாகப் பகுக்கும் முறை இவ்வேறுபாட்டை மறைக்கிறது. ஆயின் 400 அதிர்வுகளுக்கு மேல் 500இல் நிற்க வேண்டிய காந்தாரம் அம்முறையில் ஏறத்தாழ 504இல் நிற்கிறது. கார்டில் கேட்கும் நடுக்கத்துக்கு இதுவே காரணம்.

தாம்சன் கண்ட தீர்வு

லண்டன் கைவினைஞர் லூயி பனோர்மோ, தாம்சனின் கருத்துக்கேற்பக் கிட்டார் செய்தார். ஆறு தந்திகளையும் குறுக்கே கடக்கும் ஒரே மெட்டுக்கு மாறாக, விரற்பலகையின் துளைகளில் பொருத்தவும் எடுக்கவும் கூடிய சிறு மெட்டுகள் அதில் அமைந்தன. இதனால் ஒரு தந்தியின் ரி 405 ஆகவும் மற்றொரு தந்தியின் ரி 400 ஆகவும் இருத்தல் இயலும். எந்தக் கார்டுக்கு எந்தத் தந்தியின் ரி உரியது என்பதை வாசிப்பவர் அறிந்து விரல் வைக்க வேண்டும். 1829இல் வெளிவந்த விளக்கநூலைத் தாம்சன் தம் மகளுக்கு அறிவுரை கூறும் முறையில் எழுதினார். அறிஞர் அவைக்கு மட்டுமின்றி, வீட்டில் வாசிப்பவருக்கும் தூய இயைபு கிட்ட வேண்டும் என்னும் நோக்கத்தை இவ்வடிவம் காட்டுகிறது.

கருவிக்கு ஒரு வரம்பும் இருந்தது. ஆதார சுருதி மாறினால் மெட்டுகளையும் மாற்றியமைக்க வேண்டும். பாடலின் நடுவே இது அரிது. அவர் பின்னர் உருவாக்கிய நுண்சுர ஆர்கனில் இத்தடை இல்லை. வேண்டிய சுரம் ஒவ்வொன்றுக்கும் தனிக்குழலே அமைந்தது. அக்கருவி 1851ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சியில் இடம்பெற்றது.

முடிவுரை

தாம்சனின் கிட்டார் பரவலான வழக்குக்கு வரவில்லை. பழகிய விரலமைப்பை விட்டுவிட வாசிப்பவர் பலரும் விரும்பார். சமபாகச் சுருதியின் சிறுபிழையோ பழக்கத்தால் செவிக்கு உறுத்தாது போகிறது. பழக்கம் பிழையை நியாயமாக்காது என்பதே சியரா லியோனிலும் தானியச் சட்ட எதிர்ப்பிலும் தாம்சன் கொண்டிருந்த நிலைப்பாடு. இசையிலும் அவர் அதனையே பின்பற்றினார் எனக் கொள்வது பொருந்தும். கார்டு வாசிக்கும் நுண்சுரக் கிட்டாரின் வரலாற்றை ஆராய்வோர், இருபதாம் நூற்றாண்டுக்கு முன்னரே 1829இலிருந்து அதனைத் தொடங்க வேண்டும்.