காற்றைக் கற்ற ஒற்றோ லிலியந்தால்

மட்டக்களப்பு வாவியின் மேல் செம்பருந்து சிறகசைக்காது வட்டமிடுதலை நாள்தோறும் காண்கிறோம். அஃது ஏன் வீழவில்லை என வினவுவோர் சிலரே. அவ்வினாவிற்கே தம் வாழ்வை ஈந்தவர் ஒற்றோ லிலியந்தால்.

1848இல் ஜேர்மனியின் அங்கிளாம் நகரிற் பிறந்த இவர், இளமையிலேயே தம்பி குஸ்தாவுடன் செங்கால் நாரைகளை உற்றுநோக்கிப் பறத்தலின் நுட்பம் தேடினார். பேர்லினிற் பொறியியல் கற்று, நீராவிக் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையொன்றை நிறுவினார். தட்டையான சிறகினும் வளைந்த சிறகே மிகுதியாகத் தாங்கும் என்பதை அளந்தறிந்து, 1889இல் நூலாக வெளியிட்டார்.

ஏட்டறிவோடு அவர் அமைந்தாரல்லர். வில்லோ மரக் கொம்புகளாற் சட்டமிட்டுப் பருத்தித் துணி போர்த்த சிறகுகளைத் தாங்கி, 1891 முதல் மேடுகளினின்று காற்றை எதிர்த்தோடிப் பாய்ந்தார். அவர்தம் உடலே சுக்கான். கால்களை முன்னும் பின்னும் பக்கமும் வீசிச் சமநிலை காத்தார். ரீனோக் குன்றுகளில் 250 மீற்றர் தொலைவு வரை மிதந்தார். ஏறத்தாழ 2,000 முறை அவர் இவ்வாறு பறந்தார்.

1896 ஆகஸ்ட் 9ஆம் நாள் கொல்லன்பேர்க் குன்றில் திடீரென வீசிய காற்றிற் சிறகு நிலைகுலைந்தது. சுமார் 15 மீற்றர் உயரத்தினின்று வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தவர், மறுநாள் பேர்லினில் உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 48.

அச்செய்தியே ரைற் சகோதரரின் உள்ளத்தைப் பறத்தலின்பால் திருப்பியது. உடலசைவு ஒன்றே போதாதென உணர்ந்த அவர்கள், சிறகை முறுக்கிச் செலுத்தும் வழி கண்டு, 1903இல் இயந்திர விமானத்திற் பறந்தனர். எனினும், இன்று மலைச்சரிவுகளினின்று தொங்கு சிறகிற் பாய்ந்து மிதப்போர் தம் உடலசைவாலேயே திசை திருப்புகின்றனர். அவர்களுக்கு ஆசான் லிலியந்தாலே.