ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ்

ஏஞ்சலா ஜார்ஜினா பர்டெட்-கூட்ஸ் (ஏப்ரல் 21, 1814 – டிசம்பர் 30, 1906) இங்கிலாந்தைச் சேர்ந்த செல்வச் சீமாட்டியும் கொடையாளரும் ஆவார். கல்வி, ஏழைகளுக்கான வீட்டுவசதி, கலை, விலங்குநலம் ஆகியவற்றுக்குப் பெரும் பொருள் வழங்கினார். 1871இல் விக்டோரியா அரசி இவருக்கு பரோனஸ் என்னும் பட்டத்தை வழங்கினார்.

வாழ்க்கைக் குறிப்பு

லண்டனில் ஆறு பிள்ளைகளில் இளையவராகப் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் பர்டெட் சீர்திருத்தக் கருத்துகள் கொண்ட நாடாளுமன்ற உறுப்பினர். தாய் சோபியா, வங்கியாளர் தாமஸ் கூட்ஸின் மகள். தாமஸ் கூட்ஸ் தம் சொத்தை இரண்டாம் மனைவியான நடிகை ஹாரியட் மெலனுக்கு விட்டுச் சென்றார். 1837இல் ஹாரியட் இறந்தபோது அச்சொத்து ஏஞ்சலாவுக்குக் கிடைத்தது. அதன் மதிப்பு ஏறத்தாழ 18 இலட்சம் பவுண்டுகள். இவர் கூட்ஸ் என்னும் குடும்பப்பெயரை ஏற்க வேண்டும், வெளிநாட்டவரை மணந்தால் சொத்துரிமையை இழப்பார் என்பன உயிலின் நிபந்தனைகள்.

கல்வி, சமூகப் பணிகள்

எழுத்தாளர் சார்லஸ் டிக்கின்ஸ் இவருக்கு நெருங்கிய ஆலோசகராக விளங்கினார். வறிய சிறுவர்களின் இலவசப் பள்ளிகளுக்கு இவர் உதவினார். 1847இல் இருவரும் இணைந்து, வழிதவறிய பெண்கள் புதுவாழ்வு தொடங்க யுரேனியா இல்லத்தை நிறுவினர். தந்தையின் நினைவாக வெஸ்ட்மின்ஸ்டரில் தேவாலயமும் பள்ளியும் கட்டினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் நிலவியல் உதவித்தொகையை ஏற்படுத்தினார்.

எல்லா முயற்சிகளும் பயன் தரவில்லை. கிழக்கு லண்டன் ஏழைகளுக்கு மலிவான உணவு கிடைக்க 1869இல் பெருஞ்செலவில் திறக்கப்பட்ட கொலம்பியா சந்தை தோல்வியடைந்தது. தெரு வணிகர்கள் கட்டடத்தைவிடத் திறந்த தெருக்களையே விரும்பினர்.

கலை ஆர்வம்

நடிகர் ஹென்றி இர்விங்கை ஆதரித்தார். ஓவியங்களைச் சேகரித்தார். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் பிரதி ஒன்றை 1864இல் வாங்கினார்.

விலங்குநலம்

அரச விலங்குவதைத் தடுப்புக் கழகத்தின் மகளிர் குழுவுக்குத் தலைமை வகித்தார். எடின்பரோவில், இறந்த எஜமானரின் கல்லறையருகே பல்லாண்டுகள் காத்திருந்ததாகக் கூறப்படும் பாபி என்னும் நாய்க்கு 1873இல் சிலையுடன் கூடிய நீரூற்று அமைத்தார். அதன் கீழ்த்தொட்டி நாய்கள் நீர் அருந்துவதற்கானது. 1878 முதல் இறக்கும்வரை பிரித்தானியத் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

திருமணமும் சொத்திழப்பும்

1881இல், தம் 66ஆம் வயதில், அமெரிக்காவில் பிறந்தவரும் 29 வயதினருமான வில்லியம் ஆஷ்மீட் பார்ட்லெட்டை மணந்தார். அரசி உட்படப் பலர் இதை ஏற்கவில்லை. உயிலின் நிபந்தனையால் வருமானத்தில் ஐந்தில் மூன்று பங்கு தமக்கை கிளாராவுக்குச் சென்றது. கொடைகள் குறைந்தபோதிலும் பொதுப்பணியை இவர் கைவிடவில்லை.

மறைவு

1906 டிசம்பர் 30 அன்று லண்டனில் காலமானார். சுமார் 30,000 பேர் அஞ்சலி செலுத்தினர். 1907 சனவரி 5 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வாழ்நாளில் இவர் வழங்கிய கொடை 30 இலட்சம் பவுண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. பிள்ளைகள் இல்லாததால் இவருடைய பட்டம் இவரோடு முடிவுற்றது.