மீன்தொட்டிக்குப் பெயரளித்த பிலிப் ஹென்றி காஸ்

சிற்றுயிர்களைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணி மகிழும் விருப்பம் மக்கட்கு இயல்பாய் அமைந்ததொன்று. கிளியும் புறாவும் வளர்ப்பார் பலர். நாயும் முயலும் வளர்ப்பார் பலர். இவற்றினும் வியக்கத்தக்கது, நீருள் வாழும் உயிரை நிலத்தில் வாழும் நாம் நம் கூடத்தில் இருத்திக் காண்பதேயாம். மூச்சு விடும் முறையிலேயே நம்மின் வேறாகிய ஓருயிரைப் பேணுதல் எளிய செயலன்று. அதனை யாவர்க்கும் இயலும் செயலாக்கிக் காட்டியவருள் தலைசிறந்தவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கில நாட்டு இயற்கை நூலறிஞர். அவர்தம் வரலாற்றை நாடுமாறு எம்மைத் தூண்டியது ஒரு மீன். ஆதலின் அம்மீனைப் பற்றி முதற்கண் சில கூறி அப்பாற் செல்வோம்.

எம் நண்பரொருவர் இல்லத்தில் நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியொன்று உளது. அதில் வாழ்வது ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுக்குரிய பெரிய நன்னீர்ப் பேத்தை. நம் கடற்கரை வலைஞர் பேத்தை என்று கூறும், அச்சமுற்றபோது வயிற்றைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும் மீன்களுக்கு இஃது உறவினது. 1899-ஆம் ஆண்டில் பூலஞ்சே என்னும் அறிஞர் இதனை விளக்கியெழுதி, ம்பு எனப் பெயரிட்டார். மஞ்சளும் கருமையும் விரவிய மேனி. வெவ்வேறு புறம் திரும்பும் கண்கள். உணவிடுவார் அருகே வந்ததும் கண்ணாடியை நோக்கி விரைந்து வரும் அறிவு. இவையெல்லாம் காண்பார் நெஞ்சைக் கவர்வன. நண்பர் வாங்கிய நாளில் அது விரல் நீளமே இருந்தது. சிறு தொட்டியே என்றும் போதுமென விற்றவர் உறுதி கூறினாராம். இன்று அது முழ நீளத்தை எட்டிவிட்டது. இவ்வினமோ இரண்டடிக்கும் மேல் வளர வல்லது. தொட்டிக்குள் திரும்பவும் இடர்ப்படும் அம்மீனை என் செய்வதெனத் தெரியாது நண்பர் வருந்தினார். அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடலாமென்று சிலர் அவருக்கு யோசனை கூறினர். தமிழ் பயிலும் யாம் மீன்நூல் அறியோம். ஆயினும் நண்பர்பொருட்டுக் கல்லூரி நூல்நிலையத்தில் தேடப் புகுந்தபோது, காஸ் என்பாரின் வாழ்க்கை எம் கைக்கெட்டியது.

காஸ் 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் இங்கிலாந்தில் உவுஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஊர்தோறும் சென்று சிற்றுருவப் படங்கள் தீட்டிப் பிழைத்த ஓவியர். வருவாய் குறைவு, குடும்பம் பெரிது. பின்னர் அவர்கள் தென் கடற்கரையிலுள்ள பூல் என்னும் துறைமுகப் பட்டினத்திற் குடியேறினர். அங்கே சிறுவனுக்குக் கடற்கரைச் சிற்றுயிர்களின் பெயரையும் இயல்பையும் கற்பித்தவர் அவன் அத்தையார். தந்தையின் தூரிகையும் அத்தையின் கல்வியும் ஒருங்கே வாய்த்தமையே பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்கட்கு வித்தாயிற்று எனலாம்.

வறுமை அவரை நெடுநாள் கல்வி கற்க விடவில்லை. 1827-ஆம் ஆண்டில், பதினேழு வயதில், கடல் கடந்து நியூபவுண்டுலாந்துத் தீவிற்குச் சென்று ஒரு வாணிக நிலையத்திற் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். 1832-ஆம் ஆண்டு அவர் வாழ்விற் பெரிய திருப்பம் ஒன்று நேர்ந்தது. பூதக்கண்ணாடி பற்றிய பழைய நூலொன்றை அவ்வாண்டில் வாங்கிப் படித்தார். பூச்சிகளைத் திரட்டி ஆராயத் தொடங்கினார். அவ்வாண்டே கிறிஸ்தவ பக்தியில் ஆழ்ந்தார். அன்று தொடங்கிய இவ்விரு பற்றும் இறுதிநாள்வரை அவரை விட்டு நீங்கவில்லை. ஒவ்வோர் உயிரும் படைத்தவன் கைவண்ணம் என்பது அவர் உள்ளத்தில் ஊன்றிய கொள்கை.

1835-ஆம் ஆண்டில் கானடா சென்று உழவு செய்து பார்த்தார், அது பயன்படவில்லை. 1838-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா நாட்டிற் பள்ளியாசிரியரானார். அங்கே அடிமைகள் பட்ட கொடுமை அவர் உள்ளத்தை வாட்டியது. ஓராண்டும் நிரம்பாமுன் அவ்விடம் விட்டகன்று 1839-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார். கையிற் பொருளில்லை; கானடாவின் இயற்கை பற்றிய நூலின் கையெழுத்துப் படியே அவர் செல்வம். 1840-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. 1844 முதல் 1846 வரை ஜமைக்காத் தீவிலே தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். அதன் பயனாக 1847-இல் வெளிவந்த நூலின் முகப்பிலேயே, தமக்குத் துணைபுரிந்த அத்தீவினரான ரிச்சர்டு ஹில் என்பாரின் பெயரையும் பொறித்தார். நிறவேற்றுமை மிக்கிருந்த அக்காலத்தில் இச்செயல் அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

1848-ஆம் ஆண்டில் எமிலி என்னும் நங்கையை மணந்தார். மறுவருடம் எட்மண்டு என்னும் மைந்தன் பிறந்தான். இம்மைந்தரே பிற்காலத்தில் புகழ்பெற்ற இலக்கிய விமரிசகராய், நம் நாட்டுக் கவியரசியரான தோரு தத்து, சரோஜினி நாயுடு ஆகியோரின் நூல்கட்கு முன்னுரை வரைந்தவர். ஓய்வின்றி எழுதியதால் உடல்நலம் குன்றிய காஸ், 1852-ஆம் ஆண்டில் டெவன் கடற்கரைக்குச் சென்றார். நோய் தீர்க்கச் சென்ற இடமே அவர் புகழுக்கு நிலைக்களமாயிற்று.

கடல் வற்றும் வேளையிற் பாறையிடுக்குகளிலே தேங்கிநிற்கும் குட்டைகளை அவர் நாடிச் செல்வார். சுத்தியும் உளியும் கொண்டு பாறையைப் பெயர்த்து, கடற்சாமந்தியையும் நண்டையும் சிறு மீனையும் பாசியோடு கொணர்ந்து கண்ணாடிக் கலங்களில் இடுவார். பாசியில்லாத கலத்தில் நீர் விரைவில் நாறி உயிர்கள் மடியும்; பாசியுள்ள கலத்தில் அவை நெடுநாள் வாழும். இதன் காரணம் யாதெனில், ஒளிபட்ட செடி பிராணவாயுவை வெளிவிடுகின்றது. உயிர் அதனை ஏற்றுக் கரியமில வாயுவை விடுகின்றது. அதனைச் செடி மீண்டும் உணவாக்கிக்கொள்கின்றது. இங்ஙனம் கொடுத்தும் கொண்டும் வாழும் சமநிலையே மீன்தொட்டியின் உயிர்நாடி. இதனைக் கண்டவர் காஸ் ஒருவரே எனல் பிழையாகும். ராபர்ட்டு வாரிங்டன் என்னும் இரசாயன நூலறிஞர் 1850-ஆம் ஆண்டிலேயே பொன்மீன், நீர்ப்பூண்டு, நத்தை ஆகிய மூன்றையும் ஒரு கலத்தில் வைத்து இவ்வுண்மையை விளக்கினார். அன்னா தைன் என்னும் அம்மையார் அதற்கும் முன்பே இலண்டன் நகரிற் பவளவுயிர்களைக் கடல்நீரில் வளர்த்தார். ஆயின் அறிஞர் சிலர் மட்டும் அறிந்த இதனைப் பொதுமக்கள் இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்த பெருமை காஸ் அவர்கட்கே உரியது.

1853-ஆம் ஆண்டில் இலண்டன் ரீஜண்ட் பூங்காவிலுள்ள விலங்குக் காட்சிசாலையில் மீனகம் திறக்கப்பெற்றது. அதற்கு வேண்டிய கடலுயிர்கள் பலவற்றைத் திரட்டியளித்தவர் காஸ். மறுவருடம் அவர் எழுதிய நூலுக்கு அக்குவேரியம் எனப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அச்சொல் கால்நடைகள் நீர் அருந்தும் இடத்தைக் குறிப்பது. பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றிய அப்பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. கடலுக்குச் சேய்மையில் வாழ்வார்க்காக, நால்வகை உப்புகளை நன்னீரிற் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் அவர் கற்பித்தார். தாமே தீட்டிய வண்ணப் படங்கள் அந்நூலுக்கு அணிசெய்தன. 1856-ஆம் ஆண்டில் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. பள்ளிக்கல்வியும் நிரம்பாத ஓவியர் மகன் அடைந்த உயர்வு இது.

உயர்வின் பின்னே துயர் வந்தது. 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவர் மனைவியார் மார்பகப் புற்றுநோயால் பெருந்துன்புற்று உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே காஸ், உலகின் தொன்மை குறித்து நிலநூலார் கூறுவதையும் வேதாகமத்தின் படைப்பு வரலாற்றையும் இணைக்க முயன்று ஒரு நூல் வெளியிட்டார். உலகம் படைக்கப்பட்டபோதே பழமையின் சுவடுகளோடு படைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. அறிவியலாரும் ஏற்கவில்லை, பக்தர்களும் ஏற்கவில்லை. இரு சாராரையும் ஒன்றுசேர்க்க எண்ணியவர் இரு சாராராலும் கைவிடப்பட்டார். அந்நூலின் முடிபை யாமும் ஏற்றிலோம். ஆயினும் ஒன்றைப் பற்றி மற்றொன்றை விட்டுவிட மனமில்லாத அவ்வுள்ளத்தை இகழவும் மாட்டோம். தாயற்ற மைந்தனுடன் டெவன் கடற்கரையிலே நிலையாகக் குடியமர்ந்து, கடற்சாமந்திகளைப் பற்றிய பெருநூலை 1860-ஆம் ஆண்டில் முடித்தார். அவ்வாண்டில் எலைசா என்னும் பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார்.

இதனினும் நுட்பமான துயர் ஒன்று அவர் வாழ்விலுண்டு. அவர் நூல்களைப் படித்த மக்கள், தொட்டி வைக்கும் வேட்கை மிகுந்து, கூடையும் உளியும் ஏந்திக் கடற்கரைக்குத் திரண்டனர். பாறைகளைப் பெயர்த்தனர்; குட்டைகளை வெறுமையாக்கினர். கொண்டு சென்ற உயிர்கள், பேணும் முறையறியாதார் கையில் மடிந்தன. மடிந்தவற்றுக்கு ஈடாக மீண்டும் பறித்தனர். சில ஆண்டுகளில், மலர்ச்சோலை போன்றிருந்த பாறைக்குட்டைகள் பாழாயின. அன்பினாற் காட்டிய வழியே அழிவுக்கு வழியாயிற்றே என்று தந்தையார் உள்ளம் நொந்ததை, 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் எட்மண்டு பதிந்துள்ளார். உயிர்களை நெருக்கி அடைத்தலாகாது என்றும், இறந்தவற்றை உடனே அகற்ற வேண்டும் என்றும் காஸ் கூறிய அறிவுரைகளைக் காட்டிலும், அவர் தீட்டிய வண்ணப் படங்களே படித்தவர் மனத்தில் தங்கின போலும்.

முதுமையில் அவர் தம் இல்லத்தில் ஆர்க்கிட்டு மலர்ச்செடிகளை வளர்த்தும், பூதக்கண்ணாடியால் மட்டுமே காணத்தக்க நுண்ணுயிர்களை ஆராய்ந்தும் காலங்கழித்தார். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் மறைந்து ஈராண்டு கழித்து, 1890-இல், வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர், அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அந்நஞ்சு, தொட்டியின் மணலிலும் கற்களிலும் வாழும் இத்தகைய நுண்ணுயிர்களாலேயே கொடுமை குறைகின்றது. செடியும் மீனும் மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகா மூன்றாம் கூட்டமும் அச்சமநிலையைத் தாங்குவதை இன்று அறிகின்றோம்.

இனி எம் நண்பரின் மீனுக்கு வருவோம். பேத்தையின் குடும்பப் பெயர் கிரேக்க மொழியில் நாற்பல் எனப் பொருள்படுவது. மேலும் கீழும் இரண்டாய் அமைந்து, கிளியலகு போற் காணும் அப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. நத்தையும் நண்டும் சிப்பியும் ஓட்டோடு கடித்துத் தின்றாலன்றி அவை தேயா. தேயாவிடின் வாய் அடைபட்டு மீன் பட்டினியால் இறக்கும். ஊனுண்ணும் பெரிய மீனாதலின் கழிவும் மிகுதி. சில செடிகளும் சிறு தொட்டியும் அதனைத் தாங்கா. காஸ் கண்ட சமநிலை சிறிய உயிர்க்குப் பொருந்திய அளவிற் பெரிய உயிர்க்குப் பொருந்தாது. பரந்த தொட்டியும், ஓயாது நீரைத் தூய்மை செய்யும் பொறியும், அடிக்கடி புதுநீர் மாற்றும் உழைப்பும் இன்றியமையாதன. ஏரியில் விடுவதோ, அம்மீனுக்கும் ஏரியின் உயிர்கட்கும் ஒருங்கே தீங்கிழைப்பதாகும். கடற்கரை ஒன்றை வெறுமையாக்கிய தவற்றை நாம் ஏரியொன்றில் வேறு வகையாற் செய்தலாகாது.

இவற்றையெல்லாம் யாம் எடுத்துரைத்தபோது நண்பர் நெடுநேரம் வாய்திறவாதிருந்தார். பின்னர், மற்றொரு மீன் வாங்குதற்கெனச் சேர்த்துவைத்த பொருளைப் பெரிய தொட்டிக்கே செலவிடுவதென்றும், அதுவும் போதாதாயின் இடமும் வசதியும் உடையாரிடம் அம்மீனை ஒப்படைப்பதென்றும் உறுதிகொண்டார். அன்று மாலை அவர் நத்தையொன்றைத் தொட்டியிலிட, அதனை அப்பேத்தை ஓட்டோடு நொறுக்கிய ஓசையைக் கண்ணாடிக்கு அப்பால் நின்றே கேட்டோம்.

விரும்புதல் எளிது, விரும்பியதை அதன் முழு வளர்ச்சிக்கும் ஏற்பப் பேணுதல் அரிது. பேண இயலாததைப் பெறாதிருத்தலும் அன்பின் ஒரு கூறே. காஸ் தம் நூலால் முன்னதைக் கற்பித்தார். தம் துயரால் பின்னதைக் கற்பித்தார். இல்லத்தில் மீன்தொட்டி வைத்திருக்கும் அன்பர்களும், வைக்க விழையும் மாணவத் தோழர்களும் அவ்விரண்டையும் ஒருங்கே நெஞ்சிற் கொள்வாராக.